நடுவானில் தங்கச்சி

"இன்னும் கடல் மேலயேதான் இருக்காளாப்பா?"

மதியம் சாப்பிட்ட கையோடு அம்மா மறுபடி என் போனை வாங்கிப் பார்த்தார். விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் வரைபடத்தில், பசிபிக்கின் வடக்கே அந்தக் குட்டி மஞ்சள் விமானம் அசையாமல் நிற்பது போலவே இருந்தது.

நள்ளிரவில் சாங்கி விமான நிலையத்தில் தங்கச்சியை ஏற்றிவிட்டோம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க், சுமார் 15,300 கி.மீ. எங்கும் இறங்காமல் 18 மணி நேரத்துக்கு மேல்.

வரைபடத்தைப் பார்த்தால் இந்தியா, ஐரோப்பா வழியாகப் போகலாமே என்று தோன்றும். ஆனால் பெரும்பாலும் ஜப்பான் பக்கமாகக் கிழக்கேதான் போகிறது. அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும். சுற்று கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம்.

நியூயார்க் இப்போது நமக்கு 12 மணி நேரம் பின்னால். அதனால் இறங்கும்போது அங்கே அதே தேதியின் விடிகாலை! அம்மா இதை நம்பவே மாட்டேன் என்கிறார்.

தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, பினாங்கு வழியாக இங்கே வந்து சேர ஒரு வாரம் ஆனதாம். வந்துவிட்டேன் என்று அவர் எழுதிய கடிதம் ஊருக்குப் போக இன்னும் எத்தனை நாளோ.

அதுவரை பாட்டி எப்படித்தான் தாங்கினாரோ!