ஆசாரி பார்த்த ஃபோட்டோ

மதுரையில் வீடு கட்ட ஆரம்பித்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்குச் செட்டிநாட்டுப் பைத்தியம். முகப்பில் தேக்குத் தூண், நடுவில் வளவு என்கிற திறந்த முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும், தரைக்கு ஆத்தங்குடிக் கல். மனை மூன்று சென்ட்தான் என்று நான் சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

மாடல் பார்க்கக் கிளம்பினோம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் காசு கட்டிப் பார்க்கிற ஒரு பெரிய வீடு. முகப்பு ஒரு தெருவில், அடுப்படி அடுத்த தெருவில். உள்ளே நுழைந்ததும் போனைத் தூக்கியவர் சாப்பாட்டு நேரம் வரை இறக்கவே இல்லை.

ஊர் திரும்பியதும் ஆசாரியிடம் பெருமையாகக் காட்டினார். ஆசாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்ன சார், ரெண்டு பக்கத் தூணும் உள்ள சாஞ்சிருக்கு? தூக்குக்குண்டு பிடிக்காமலா நிறுத்துனாங்க?"

பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்குக்கு இந்த அவமானம்! தூண் என்ன செய்யும்? அகலமாக எடுக்கிற லென்ஸைப் போட்டு, உத்தரமும் விழட்டும் என்று போனை அண்ணாந்து பிடித்தால் நேர்கோடெல்லாம் மேலே போகப் போக நெருங்கத்தான் செய்யும். போனைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு பின்னால் தள்ளி நிற்க வேண்டும். தரை அதிகமாக வந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

வளவுப் படங்கள் அதைவிட மோசம். உச்சி வெயிலில் எடுத்ததில் முற்றம் சுண்ணாம்பாய் வெளுத்து, சுற்றுத் தாழ்வாரம் கும்மிருட்டு. "இது யார் வீட்டுக் கிணறு?" என்றார் மாமியார்.

ஆனால் கல் விஷயத்தில்தான் மானம் போனது. அடுத்த முறை போனபோது ஆத்தங்குடிப் பட்டறையில் அந்த வீட்டுத் தரையின் படத்தைக் காட்டி, "இதே பச்சை வேணும்" என்றார் இவர். பட்டறைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த நிறம் நாங்க போடுறதே இல்லையே. சாணி மெழுகின மாதிரியில்ல இருக்கு?" அறைக்குள் எரிந்த மஞ்சள் பல்பு செய்த வேலை அது. போதாக்குறைக்குப் பூ டிசைனுக்கு நடுவில் அரைக்கால் டிரவுசரோடு இவருடைய நிழலுருவம் வேறு.

அந்தக் கல் அப்படித்தான். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்துக் கலர் சிமெண்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குகிறார்கள். அப்புறம் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியில் படிந்து கிடந்த முகம் பளபளவென்று வருகிறது. எதிரே நிற்கிறவரையும் காட்டிவிடுகிறது.

"லைட்டை அணைச்சுட்டு, ஜன்னல் வெளிச்சத்துல சாய்வா நின்னு எடுங்க. பக்கத்துல ஒரு வெள்ளைத் துண்டு கிடந்தா நிறம் எவ்வளவு மாறியிருக்குன்னு தெரிஞ்சிரும்" என்றார் பட்டறைக்காரர். எத்தனை பேருக்குச் சொன்னாரோ, பாடமாக ஒப்பித்தார்.

மறுநாள் காலை வெயில் ஏறுமுன் அதே வீட்டுக்குப் போனோம். இவர் கேட்டதும் காவல்காரர் விளக்கை அணைத்தார். தரையில் என் வெள்ளைத் துப்பட்டா. நான் வாசலில் நின்று, "போனை நிமித்துங்க, நிமித்துங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். இந்த முறை படங்கள் உண்மையிலேயே நன்றாக வந்தன.

ஆசாரி நிதானமாகப் பார்த்தார். "தூண் நேராத்தான் நிக்குது சார். இப்ப பட்ஜெட்டைச் சொல்லுங்க."

வேப்பமரத்தில் பேசி முடித்திருக்கிறோம்.