இரண்டு வாரம்

ஜூன் 3, 2025
வயிற்றில் குழந்தை இருப்பதால் இன்றிலிருந்து பாத்ரூமுக்கு மட்டும்தான் எழுந்திருக்கலாம். மற்ற நேரமெல்லாம் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இடது பக்கம் சுவர். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ கொரியன் சீரியலை மூன்றாவது முறையாக ஆரம்பித்துவிட்டேன்.

ஜூன் 4
அந்த மெழுகுவர்த்தி. தென்கொரியாவிலிருந்து தவறி வடகொரியாவில் வந்து விழுந்த செ-ரி முதலில் வாசனை மெழுகுவர்த்தி கேட்பாள். வடகொரிய ராணுவ கேப்டன் ரி ஜங்-ஹ்யொக்குக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, வெளிச்சத்துக்கு ஏற்றுகிற சாதா மெழுகுவர்த்தியோடு வந்து நிற்பான். அப்புறம் நான்காவது எபிசோடில், சந்தைக் கூட்டத்தில் அவள் வழி தெரியாமல் பயந்து நிற்கும்போது எல்லார் தலைக்கும் மேலே ஒரு கை எழும்பும், அதில் மெழுகுவர்த்தி எரியும், இந்த முறை வாசனை உள்ளது. 2020-ல் பார்த்தபோது ஜங்-ஹ்யொக்காக நடித்த ஹ்யுன் பின் முகத்தை மட்டும் பார்த்தேன். இப்போது தோன்றுவது வேறு. அவள் ஒருமுறை சொன்னது இவன் மனசில் தங்கியிருக்கிறது, தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறான். எத்தனை முத்தக் காட்சி வந்தாலும் எனக்கு இந்த ஜோடி என்றால் அந்தக் கைதான்.

ஜூன் 5
கணவரிடமிருந்து போன் வரவில்லை. அவர் வேலை பார்க்கும் கப்பலின் கடைசி சிக்னல் 19 மணி நேரத்துக்கு முன்பு.

ஜூன் 6
முடிவைப் பார்த்தேன். பார்க்கிற ஒவ்வொரு முறையும் இது என்னைத் தூங்க விடுவதில்லை. அவன் வடக்கே பியானோ வாசிக்கிறான், அவள் தெற்கே கம்பெனி நடத்துகிறாள், வருஷத்தில் இரண்டே வாரம் சுவிட்சர்லாந்தில் சேர்ந்து இருக்கிறார்கள். எல்லாரும் இதை சந்தோஷமான முடிவு என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், முப்பது வருஷத்துக்கு 420 நாள், ஒன்றே கால் வருஷம்கூட ஆகவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வருவது மற்ற ஐம்பது வாரங்களில் என்றால் யார் கஞ்சி வைத்துக் கொடுப்பது? ஒரு குழந்தை பிறந்தால் அந்த இரண்டு வாரத்துக்குள் அப்பா முகம் அதற்குப் பழகுமா? அந்தப் புல்வெளியையும் மலையையும் காட்டி இதையெல்லாம் மறைத்துவிட்டார்கள் என்று கோபம் வருகிறது. எல்லை அவர்கள் போட்டது இல்லை, வேறு வழி இல்லை, சரி. ஆனாலும் இரண்டு வாரம்.

அந்த ஜோடியாக நடித்த ஹ்யுன் பின்னும் சோன் யே-ஜின்னும் நிஜத்தில் 2022 மார்ச் 31-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள், அதே நவம்பரில் மகன் பிறந்தான். அதை நினைத்துக்கொண்டுதான் தூங்க முயன்றேன்.

ஜூன் 8
‘ரிப்ளை 1988’, இன்னொரு கொரியன் சீரியல். தொக்-சன்னை ஜங்-ஹ்வான், தேக் இருவரும் விரும்புகிறார்கள். இத்தனை வருஷமாக நான் ஜங்-ஹ்வான் பக்கம். கூட்ட நெரிசலான பஸ்ஸில் தொக்-சன் மேல் யாரும் இடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பானே, அந்த ஒரு காட்சிக்காகவே அவனை மன்னித்தபடி இருந்தேன். இன்று முடியவில்லை. அவள் தனியாக நிற்கிறாள் என்று தெரிந்து இவனும் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான், ஒவ்வொரு சிக்னலும் சிவப்பு. போய்ச் சேர்ந்தால் தேக் ஏற்கெனவே அங்கே நிற்கிறான், கட்டத்தில் கல் வைத்து ஆடும் தன் படுக் ஆட்டத்தையே விட்டுவிட்டு வந்திருக்கிறான். தோற்றது சிக்னலால் இல்லை, தன் தயக்கத்தால்தான் என்று ஜங்-ஹ்வானே உணர்ந்துவிடுகிறான். செகண்ட் லீட், அதாவது காதலி கிடைக்காத இரண்டாவது நாயகன் மேல் பரிதாபப்பட்டே இத்தனை வருஷம் நான் தேக்கைச் சரியாகப் பார்க்கவில்லை. வந்து நின்றவன் அவன்.

வந்து நிற்க முடியாதவர்களை என்ன செய்வது?

ஜூன் 9
ஸ்கேன். குழந்தையைச் சுற்றியுள்ள தண்ணீர் இன்னும் குறைவுதான். வெள்ளிக்கிழமை மறுபடி.

ஜூன் 11
அத்தையும் இப்போது கூட உட்கார்ந்து பார்க்கிறார்கள். ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரின்ஸ்’. சப்டைட்டிலை நான் வாசித்துச் சொல்ல வேண்டும். ஜேஜு தீவு, ஏ-சுன், க்வான்-சிக். சந்தையில் அவள் கவிதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க, அவள் முட்டைக்கோஸை இவன் விற்றுக்கொடுக்கிறான். கப்பலில் போனவன் கரையில் அவளைப் பார்த்ததும் கடலில் குதித்து நீந்தியே திரும்பி வருகிறான். தேக்காக நடித்த அதே பார்க் போ-கம், பத்து வருஷம் கழித்து.

அத்தையை உலுக்கியது அது இல்லை. சாப்பாட்டு நேரம், ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்குத் தனி மேசை. க்வான்-சிக் உட்கார்ந்த இடத்திலேயே அப்படியே திரும்பி மனைவி பக்கம் முகம் வைத்துச் சாப்பிடுகிறான். அவ்வளவுதான், பெரிய வசனம் ஒன்றும் இல்லை. திரும்பப் போடு என்றார்கள். மூன்று முறை போட்டேன். “எங்க வீட்டுல ஒருத்தரும் திரும்புனது இல்ல” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஜூன் 12
அரிசி! வீட்டை வாடகைக்கு விட்ட தாத்தா பாட்டி ராத்திரி யாருக்கும் தெரியாமல் ஏ-சுன் ஜாடியில் அரிசி போடும் இடத்தில் இரண்டு பேரும் அழுதோம். நல்ல அழுகை. குழந்தையும் உள்ளே நன்றாக உதைத்தது.

ஜூன் 13
ஸ்கேனில் மாற்றம் இல்லை. குறையவில்லை என்பதே நல்லது என்றார்கள். இரவு நான்கு நிமிஷம் லைன் கிடைத்தது. என்ன தெரியுது என்று கேட்டார். சுவர் என்றேன். அதற்குள் கட்டாகிவிட்டது.

ஜூன் 14
புயலில் ஏ-சுனின் கடைசிப் பிள்ளை தோங்-ம்யோங். பார்த்திருக்கக் கூடாது.

ஜூன் 15
எதுவும் பார்க்கவில்லை.

ஜூன் 16
பார்க்காமல் இருந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பிள்ளை போன பிறகும் க்வான்-சிக் மறுபடி கடலுக்குத்தான் போகிறான், வேறு பிழைப்பு இல்லை, ஏ-சுன் மறுபடி உலை வைக்கிறாள். படகின் பேர் மூன்று பிள்ளைகளின் பேரையும் சேர்த்தது. இந்த ஜோடியை முன்னால் பார்த்த எந்த ஜோடியோடும் வைத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

தோன்றிய இன்னொன்று. வடக்கே திரும்பிப் போவதற்கு முன் ஜங்-ஹ்யொக் செ-ரிக்கு ஒரு வருஷத்துக்கான மெசேஜ்களை முன்கூட்டியே எழுதி நாள் குறித்து வைத்துவிட்டுப் போவான். அவள் தனியாக இருக்கிற நாட்களில் ஒவ்வொன்றாக வந்து விழும். இரண்டு வாரம் என்று கணக்குப் போட்டபோது நான் இதைச் சேர்க்கவில்லை.

ஜூன் 17
காலையில் பக்கத்து வீட்டுத் தம்பியும் அவன் நண்பனும் வந்தார்கள். அண்ணன் மெசேஜ் போட்டிருந்தாங்க என்றான். என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு கட்டிலைத் தூக்கித் தலைமாடு கால்மாடாக மாற்றிப் போட்டார்கள். இடது பக்கம் இப்போது ஜன்னல். முருங்கை மரம், பாதி வானம், எதிர் வீட்டு மாடிக் கொடியில் யாருடைய மஞ்சள் துண்டோ.

ஜூன் 19
அவருக்குப் பதிலாக வேலை பார்க்க ரிலீவர் கிடைத்தால் சிங்கப்பூரில் இறங்கலாமாம். கிடைத்தால்.

ஜூன் 20
விடியற்காலையிலிருந்து வயிறு இறுகி இறுகி விடுகிறது. அத்தை பையில் துணி எடுத்து வைத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு எபிசோட் மிச்சம் இருக்கிறது, க்வான்-சிக்குக்கு உடம்பு சரியில்லாமல் போகும் இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். ஆட்டோ வந்துவிட்டது, சார்ஜரை