ஸ்டைல்ஷீட் இணைப்பு: வேலைக் குறிப்புகள்

யூலை 8, 2024, திங்கள்

கொக்குவிலில் சனசமூக நிலையம் ஒன்றின் நூலகத்துக்காக உயர்தர வகுப்பு மாணவர் இருவர் எழுதிய இணையப் பக்கங்களை இன்று பார்வையிட்டேன். மடிக்கணினியில் நிறமும் ஒழுங்குமாக நின்ற முகப்புப் பக்கம், சேவையகத்தில் ஏற்றப்பட்டதும் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துகளும் அடிக்கோடிட்ட நீல இணைப்புகளுமாக மாறியிருந்தது. "வீட்டிலை வடிவா வந்தது சேர், இஞ்சைதான் வரேல்லை" என்றான் ஒருவன். பக்கத்தின் நிறத்தையும் ஒழுங்கையும் வரையறுக்கும் தனிக் கோப்பே ஸ்டைல்ஷீட். அதைப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் டேக், பக்கத்தின் தொடக்கத்திலுள்ள ஹெட் பகுதிக்குள்தான் இருந்தது. இணைக்கப்படும் கோப்பு எத்தகையது என்று சொல்லும் ரெல் என்பதற்கு ஸ்டைல்ஷீட் என்ற மதிப்பும் சரியாகக் கொடுக்கப்பட்டிருந்தது. (அது விடுபட்டால் உலாவி அக்கோப்பைக் கேட்கவே மாட்டாது.) எஃப்12 விசையை அழுத்தி உலாவி கேட்கும் கோப்புகளைப் பட்டியலிடும் நெட்வேர்க் பகுதியைத் திறந்தபோது, ஸ்டைல்ஷீட்டுக்கு நேரே சிவப்பில் 404 (கோப்பு கிடைக்கவில்லை) என்று இருந்தது. கோப்பின் பெயர் பெரிய எஸ்ஸில் தொடங்க, கோப்பின் முகவரியைக் கொடுக்கும் ஹெச்ரெஃப்பில் சிறிய எஸ் எழுதப்பட்டிருந்தது. விண்டோஸ் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. லினக்ஸ் சேவையகமோ இரண்டையும் வெவ்வேறு கோப்புகளாகவே கொள்ளும். கோப்புப் பெயர்கள் அனைத்தையும் இடைவெளியின்றிச் சிறிய எழுத்தில் வைக்கும்படி சொன்னேன்.

யூலை 9, செவ்வாய்

முகப்பு சீராகிவிட்டது. நூற்பட்டியல் பக்கத்திலோ அதே லிங்க் வரியைப் படியெடுத்து ஒட்டியும் பயனில்லை. அப்பக்கம் ஓர் உள்கோப்புறையில் இருக்கிறது. சாய்கோடின்றித் தொடங்கும் பாதையை உலாவி அந்தந்தப் பக்கத்தின் முகவரியிலிருந்தே கணக்கிடுவதால், உள்கோப்புறைக்குள் இல்லாத ஸ்டைல்ஷீட்டை அங்கே தேடியிருக்கிறது. இரண்டு புள்ளியும் சாய்கோடும் இட்டு ஒரு படி மேலே போகலாம். அல்லது பாதையைச் சாய்கோட்டிலேயே தொடங்கி, தளத்தின் வேரிலிருந்து, அதாவது அதன் மேல்நிலைக் கோப்புறையிலிருந்து, எண்ணச் செய்யலாம். தளம் தனி டொமைனில் இருப்பதால் இரண்டாவதையே நான் விரும்பினேன். ஆனால் கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்து பார்க்கும்போது அந்தப் பாதை வேலை செய்யாது என்பதால், மாணவர்களின் கணினியில் சிறிய உள்ளகச் சேவையகம் ஒன்றையும் இயக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

லிங்க் டேக்கில் கோப்பின் வகையைச் சொல்லும் டைப் என்ற பண்பையும் எழுத வேண்டுமா என்று கேட்டார்கள். பழைய வகுப்புக் குறிப்புகள் அதை இன்னும் வலியுறுத்துகின்றன. எழுதினால் பிழையில்லை, பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல். 5 அதைக் கேட்பதுமில்லை.

யூலை 11, வியாழன்

தலைப்புகளுக்கான தமிழ் எழுத்துரு வரவில்லை. இங்கே விதி வேறு: ஸ்டைல்ஷீட்டுக்குள் யூ.ஆர்.எல். எனக் கொடுக்கும் பாதை, பக்கத்திலிருந்து அல்லாமல் ஸ்டைல்ஷீட் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. எழுத்துருக் கோப்புறை, ஸ்டைல்ஷீட் இருந்த கோப்புறைக்கு வெளியே இருந்ததால் ஒரு படி மேலே போகச் செய்ததும் தலைப்புகள் சரியாக வந்தன.

நிலையத் தலைவரின் கைபேசியில் மட்டும் பழைய தோற்றமே நீடித்தது. உலாவி தன் சேமிப்பில் வைத்திருந்த பழைய கோப்பையே காட்டியது. ஹெச்ரெஃப்பின் முடிவில் ஒரு கேள்விக்குறியும் பதிப்பு எண்ணும் சேர்த்தபின் புதிய முகவரியெனக் கருதிப் புதிதாக இறக்கிக்கொண்டது. இனி ஸ்டைல்ஷீட்டைத் திருத்தும்போதெல்லாம் அந்த எண்ணை எல்லாப் பக்கங்களிலும் மாற்ற வேண்டும். பக்கங்கள் பெருகினால் அதைக் கையால் செய்வது சரிவராது.