நாலு மீட்டருக்கு ஒருவர்

அக்டோபர் 3

"ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஓர் உயிர்." சயாம் மரண ரயிலைப் பற்றிய கதைகளில் பாதியிலாவது இந்த வரி எங்காவது வந்துவிடுகிறது. எழுதியவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கமாட்டார். இரண்டாம் உலகப்போரில் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அதில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க் கைதிகள் 60,000-க்கு மேல். இறந்தவர்கள் 12,000-க்கு மேல். மலாயா, பர்மா, ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் ஏறக்குறைய 2 லட்சம். அவர்களில் மாண்டவர்கள் 90,000 வரை என்பது மதிப்பீடு. மொத்தம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் நாலு மீட்டருக்கு ஒருவர். அந்த நீளத்துக்குள் ஐந்தாறு கட்டைகள் கிடக்கும்.

எண்ணிக்கையை ஏற்றினால் உயிரின் விலை ஏறும் என்று நினைத்துத்தான் அந்த வரியை எழுதுகிறார்கள். ஆனால் அதைப் படித்ததும் எதுவும் கண்ணில் தெரிவதில்லை. நாலு மீட்டர் தெரியும். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த ஒரு லயத்து அறையின் நீளம் ஏறக்குறைய அது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கைதிகளின் சாவுக்கு எண் இருக்கிறது, தொழிலாளரின் சாவுக்கு 'வரை' என்ற சொல்தான் இருக்கிறது. கைதிகளோடு கைதியாக இருந்த படை அதிகாரிகள் முகாமிலேயே ஒளித்து மறைத்துக் கணக்கு எழுதினார்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டத்திலிருந்து போனவனுக்கு அப்படி எழுதிவைக்க ஆள் இல்லை. நாவல் தொடங்கவேண்டிய இடம் இந்த வித்தியாசம்.

அக்டோபர் 5

ஆள் பிடிக்கும் காட்சி. துப்பாக்கிமுனைக் கத்தியோடு ஜப்பானியச் சிப்பாய் லயத்துக்குள் நுழைவதாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அப்படியும் நடந்தது. சினிமா காட்டுவதாகக் கூட்டி வளைத்துப் பிடித்ததும் உண்டு. ஆனால் கதைக்கு அதிகம் கொடுப்பது ஆபீஸ் அறைதான்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. ரப்பருக்குச் சந்தை போயிற்று, பால்வெட்டுக்குக் கூலி இல்லை, அரிசி இல்லை. வெள்ளைத் துரைமார் சிறையில். தோட்டத்தை நடத்தியவர் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர். முதலில் ஆசை காட்டினார்கள்: நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, இருக்க இடம், மூன்றே மாதம். நம்பிப் போனவர்கள் திரும்பவில்லை. அதன் பிறகு யாரும் பெயர் கொடுக்காததால் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று எண் வந்தது.

அந்த எண்ணை நிரப்பவேண்டிய கை கிராணியுடையது, கருவி செக்ரோல் என்ற ஆள் பதிவேடு. அவர் யார் பெயருக்கு நேரே கோடு போடுகிறார்? தனிக்கட்டை, கடன் வாங்கியவன், எதிர்த்துப் பேசியவன், நோயாளி. ஓர் உயிருக்கு என்ன மதிப்பு என்று கதையில் முதல் முறை தீர்மானமாவது இங்கே. தீர்மானிப்பவரும் தமிழர். பல எழுத்தாளர்கள் இந்த இடத்தில் தடுமாறிக் கிராணியை வெறும் வில்லனாக்கிவிடுகிறார்கள். எண் குறைந்தால் தன் தலைக்கே ஆபத்து என்ற பயத்தையும் கூடவே எழுதினால்தான் அந்தக் கோட்டுக்குக் கனம் வரும்.

அக்டோபர் 6

ரயில் பயணத்தை நீட்டவேண்டாம். இரும்புச் சரக்குப் பெட்டி, ஒன்றில் முப்பது பேர் அளவில், பாதை தொடங்கும் சயாம் ஊரான பான்போங் வரை நாலைந்து நாள். ஜன்னல் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து வயலைப் பார்த்தபடி மனைவியை நினைக்கும் நாயகன் வேறு ஏதோ ரயிலில் போகிறான்.

அக்டோபர் 9

காலரா. 1943-இல் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. மே மாதம் மேல்முகாம்களில், பர்மா எல்லைப் பக்கத்து நிக்கி வட்டாரத்தில், நோய் பரவியது. காலையில் வேலைக்குப் போனவன் இரவுக்குள் செத்தான். சோறு வடித்த கஞ்சி போல வயிற்றுப்போக்கு, கை கால் இழுப்பு, குழி விழுந்த கண், குரல் அடைப்பு. ஆகவே காலரா நோயாளி சாகும்போது நீளமாகப் பேசுவதாக எழுதக்கூடாது. உடம்பில் நீர் வற்றியவனுக்குக் குரலே எழும்பாது. வசனம் எழுத இடமில்லை என்பது எழுதுபவருக்குக் கஷ்டம்தான்.

ஒரே ஆறு, ஒரே மழை. பிறகு ஏன் தொழிலாளர் முகாமில் இத்தனை சாவு? கைதிகள் முகாமில் மருத்துவர் இருந்தார், அவர் சொல்லை நிறைவேற்ற அதிகாரி இருந்தார்: கொதிக்காத தண்ணீர் கூடாது, சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்கு, கக்கூஸ் குழியை ஆழமாகத் தோண்டு. தொழிலாளர் முகாமில் சொல்பவரும் இல்லை, செய்யவைப்பவரும் இல்லை. மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று ஏறக்குறைய 18 லிட்டர் பிடிக்கும். நூறு பேருக்குத் தலைக்கு இரண்டு லிட்டர் என்றால் நாளுக்குப் பதினோரு தகரம் கொதிக்கவேண்டும். கையில் இருப்பது ஒரே தகரம் என்று வையுங்கள், அதிலேதான் சோறும் வேகவேண்டும். விறகு ஈர மூங்கில், எரிவதைவிடப் புகைவது அதிகம். விறகு பொறுக்கப் போனால் மூங்கில் முள் கீறும். கீறல் அழுகிப் புண்ணாகி எலும்பு தெரியும்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் கருணையைப் பற்றி வாக்கியம் எழுதத் தேவையில்லை. பிழைக்கமாட்டான் என்று எல்லாருக்கும் தெரிந்த ஒருவனுக்காக, மறுநாள் சோற்றுக்கு வைத்திருந்த காய்ந்த விறகை ஒருத்தி எரிக்கிறாள். (பெண்களும் குழந்தைகளும் முகாம்களில் இருந்தார்கள், பல கதைகளில் அவர்களைக் காணோம்.) அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று ஆசிரியர் குறுக்கே வந்து விளக்கினால் காட்சி செத்துவிடும்.

அக்டோபர் 10

நேற்றைய குறிப்புக்கு ஓர் இணைப்பு. 1943 நடுவில் கைதிகளிலிருந்தே மருத்துவக் குழுக்களைப் பிரித்துத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். மருந்து சொற்பம், பிணங்களை அப்புறப்படுத்துவதே பெரிய வேலையாக இருந்தது. வெள்ளைக்கார மருத்துவரைக் கதைக்குள் கொண்டுவர விரும்புவோர் இந்தக் குழுக்களை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் வந்த பக்கத்திலிருந்து கதை அவர் கண்வழியே நகரத் தொடங்கும், தமிழன் 'நோயாளி' ஆகிவிடுவான். அந்த வழுக்கலுக்குத் தப்பியவர்கள் குறைவு.

அக்டோபர் 12

பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1957-இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படத்தின் பாலம் நின்றது இலங்கையின் கித்துல்கலையில். நிஜப் பாலம் நின்ற ஆற்றின் பெயர் மே குளோங். படம் பார்த்து வந்த பயணிகளுக்காக 1960 வாக்கில்தான் மேல்பகுதிக்குக் குவே யாய் என்று பெயர் மாற்றினார்கள். 1943-இல் நடக்கும் கதையில் ஒரு தோட்டத் தொழிலாளி 'குவாய் நதி' என்று சொன்னால் அவன் சினிமா பார்த்திருக்கிறான்.

தண்டவாளத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து பெயர்த்தெடுத்த தண்டவாளங்களும் இங்கே வந்து சேர்ந்தன. மலாயாவில் ரயில்பாதை போட்டதிலும் தமிழர் கை உண்டு. அப்பன் போட்ட தண்டவாளத்தை மகன் சயாமில் தூக்குகிறான்: இதற்கு மேல் ஒரு உவமை எதற்கு?

அக்டோபர் 14

பாதையை முடிக்க ஜப்பானியருக்கு ஏன் அத்தனை அவசரம்? மலாக்கா நீரிணை வழியாக பர்மாவின் ரங்கூனுக்குப் போகும் அவர்களுடைய கப்பல்களை எதிரி நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. நாளுக்கு 3,000 டன் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். 1943 கடைசியில் முடியவேண்டிய பாதையை ஆகஸ்டுக்குள் முடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நாலு மாதத்தை மிச்சம்பிடிக்க மழைக்காலத்தில் மலையை வெட்டினார்கள். ஒருவன் ஒரு நாளில் வெட்டவேண்டிய மண்ணின் அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஆள் சாகச்சாகத் தோட்டங்களிலிருந்து புது ஆள். எதிரியை மிருகமாக எழுதுவதைவிட, கையில் நாள்காட்டி வைத்திருக்கும் என்ஜினியராக எழுதிப் பார்க்கலாம். பயம் கூடுதலாக இருக்கும்.

அக்டோபர் 17

1943-இல் இதே நாளில் கொன்கொய்தா என்ற இடத்தில் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. நிறைய கதைகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. தொழிலாளருக்கு இங்கே முடியவில்லை. பழுதுபார்க்க, விறகு வெட்ட, 1945 வரை பலர் அங்கேயே கிடந்தார்கள்.

தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கைதிகள் 6,982 பேர். பெயர், படைப்பிரிவு, வயது பொறித்த வரிசைகள். தொழிலாளர்களின் எலும்புகள் 1990-இல்கூட அதே ஊரில் நூற்றுக்கணக்கில் தோண்டியெடுக்கப்பட்டன. பெயர் எதுவும் இல்லாமல்.

அங்கே தமிழ் எழுத்து உள்ள கல் ஒன்று உண்டு. 1944-இல் ஜப்பானிய ராணுவமே எழுப்பிய நினைவுத்தூண் அது. இறந்தவர்களின் ஆன்மா சாந்தியடைய என்று பல மொழிகளில் பொறித்திருக்கிறார்கள், அவற்றுள் தமிழும் ஒன்று. அதை எழுப்பியபோது பாதையில் வேலை நடந்துகொண்டிருந்தது. அதைப் படிக்கக்கூடியவர்கள் பக்கத்து முகாமில் உயிரோடு இருந்தார்கள்.