நோட்டில் காலியாக இருந்த மூன்று வரிகள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பையன்கள் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கிவிடுவார்கள். பொங்கலை ஒட்டி நடக்கும் மின்னொளிக் கபடிப் போட்டிக்கான நன்கொடை வசூல் அது. போன வாரம் நான்கு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வழக்கமாகக் கொடுக்கும் தொகையை எடுத்து வைத்திருந்தேன். ஆனாலும் ரசீதில் என் பெயரை எழுதப் போன பையனை நிறுத்தி, அணிகளைப் பதிவு செய்யும் நோட்டை முதலில் காட்டும்படி கேட்டேன். அப்படிக் கேட்டதற்கு முப்பத்தாறு ஆண்டுப் பழைய காரணம் ஒன்றும், 2025 மார்ச் மாதத்துக் காரணம் ஒன்றும் உண்டு.

மார்ச் மாதம் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில், பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுவதற்காகக் காலையில் பேருந்தில் போய்க்கொண்டிருந்த தலித் மாணவன் ஒருவனை, வண்டியை மறித்துக் கீழே இழுத்துப் போட்டு அரிவாளால் வெட்டினார்கள். இடது கை விரல்கள் துண்டாயின. அந்தப் பையன் நல்ல கபடி ஆட்டக்காரன். அதற்குச் சில நாட்களுக்கு முன்பு நடந்த போட்டியில் அவனுடைய அணி வென்றதைப் பொறுக்காமல்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். விசாரணையில் வேறு காரணமும் பேசப்பட்டது. காரணம் எதுவாக இருந்தாலும், அந்தச் செய்தியைப் படித்தபோது என் கண் முதலில் போய் நின்றது விரல்கள் என்ற சொல்லில்தான். கபடியில் பின்வரிசையில் நின்று பிடித்தவர்களுக்குத்தான் விரல்களின் அருமை தெரியும்.

நான் பள்ளி அணியில் லெஃப்ட் கார்னரில், அதாவது பிடிப்பவர்கள் வரிசையின் இடது ஓரத்தில், ஆடினேன். 1988-ஆம் ஆண்டு அது. எங்கள் அணியின் ஏழு பேரில் நான்கு பேர் எங்கள் தெரு, ஒருவன் பக்கத்துக் கிறித்தவ ஊர், இரண்டு பேர் காலனி என்று நாங்கள் சொல்லும் தலித் குடியிருப்பு. அந்த இருவரில் ஒருவன் எனக்கு அடுத்த இடத்தில், லெஃப்ட் இன்னில் ஆடினான். கபடியைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் இருக்கும் உறவு அவ்வளவாகத் தெரிந்திருக்காது. எதிரணிக்காரன் பாடி வரும்போது கார்னரில் நிற்பவனும் இன்னில் நிற்பவனும் கையைக் கோத்துக்கொண்டு செயினாக நிற்க வேண்டும். அந்தப் பிடி விரலோடு விரல் கோப்பதாக இருந்தால் இழுத்த இழுப்பில் அறுந்துவிடும். ஒருவன் மணிக்கட்டை மற்றவன் பற்ற வேண்டும். வியர்வையில் வழுக்காமலிருக்கக் குனிந்து கையை மண்ணில் தேய்த்துக்கொண்டு பிடிப்போம். அவன் கை லேசாக இறுகினால் நான் காலுக்குப் பாய வேண்டும், என் கை தளர்ந்தால் அவன் பின்வாங்க வேண்டும். வாயைத் திறந்து பேசிக்கொண்டதே கிடையாது. பாளையங்கோட்டையில் நடந்த மாவட்டப் போட்டியில் அரையிறுதி வரை போனோம். திரும்பி வருகையில் பேருந்து நிலையத்துக் கடையில் ஆளுக்கு இரண்டு புரோட்டா என்று கணக்குப் பார்த்துப் பகிர்ந்து தின்றோம்.

அடுத்த மாதமே பொங்கல். ஊர்ப் போட்டிக்குப் பதிவு நடந்தது அம்மன் கோயில் முன்னால், ஒரு மர மேசையில். நான் எங்கள் தெரு அணியின் சார்பில் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவன் காலனிப் பையன்களோடு வந்து, நுழைவுக் கட்டணத்தை நீட்டினான். மேசையில் இருந்த பெரியவர் நிமிர்ந்தும் பாராமல், "எடம் நெறஞ்சு போச்சுடே, அடுத்த வருசம் பாப்போம்" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் நோட்டைப் பார்த்தேன். பதினாறு அணிகளுக்குக் கோடு போட்டு எண் எழுதியிருந்த அந்தப் பக்கத்தில் 14, 15, 16 என்ற மூன்று வரிகளும் காலியாக இருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் திரும்பிப் போன பிறகு, அன்று சாயங்காலமே அந்த மூன்று வரிகளிலும் வெளியூர் அணிகளின் பெயர்கள் ஏறின. அவன் அந்த ஆண்டோடு பள்ளி அணியிலிருந்தும் நின்றுவிட்டான். பி.டி. சார் எத்தனை முறை ஆள் விட்டும் வரவில்லை. நடந்தது என்னவென்று சார் என்னிடம் கேட்டபோதும் நான் தெரியாது என்றுதான் சொன்னேன்.

இதை ஒரு தனிமனிதனின் குற்ற உணர்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் அடுத்த பத்து ஆண்டுகளில் இந்த மண்ணில் நடந்தவற்றுக்கும் அந்த மேசைக்கும் தொடர்பு இருக்கிறது. 1994 அக்டோபரில் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் மணத்தி கணேசன் இருந்தார். பின்னர் அர்ஜுனா விருதும் பெற்றார். தாமிரபரணிப் பாசனத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, எல்லாத் தடைகளையும் தாண்டி ஒருவர் நாட்டுக்கே ஆடப் போனதை இப்போது 'பைசன்' திரைப்படத்தின் வழியாகத் தமிழ்நாடு முழுவதும் அறிந்திருக்கிறது. அந்தத் தங்கம் வந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 1995 ஆகஸ்ட் 31 அன்று, தலித் மக்கள் வாழும் கொடியங்குளத்துக்குள் காவல் துறை புகுந்து வீடுகளைச் சூறையாடியது. 1997-இல் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு, கட்டபொம்மனின் தளபதியும் தலித் மக்கள் போற்றுபவருமான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியதை எதிர்த்துத் தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டபோது, அன்றைய அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் ஒரே வீச்சில் நீக்கியது. நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டமாயிற்று. கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கே.டி.சி. நகரில் மட்டும் மூன்று எழுத்தாகத் தங்கிவிட்டது. அந்த முடிவு தவறு என்று நான் சொல்ல மாட்டேன்; எரிகிற வீட்டில் முதலில் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஆனால் பேருந்தின் நெற்றியில் இருந்த பெயரை அழித்து ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள் ஆன பிறகும், பேருந்துக்குள் இருந்த பையனைச் சாதி தேடி வந்து இழுத்திருக்கிறது.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது, ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமை ஆசிரியராக அமர்த்தக் கூடாது என்பன போன்ற பரிந்துரைகள் அதில் இருந்தன. கயிறு பற்றி 2019-இலேயே பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியதும், எதிர்ப்பு வந்தவுடன் அன்றைய அமைச்சர் அது தமக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது என்று பின்வாங்கியதும் நடந்திருக்கிறது. ஆகவே இந்த அறிக்கையை ஆதரிப்பவன் நான். அதிலுள்ள ஒவ்வொரு பரிந்துரையும் நிறைவேற வேண்டும் என்று விரும்புகிறேன். என் கவலை, மாலை நான்கரை மணிக்குப் பள்ளி மணி அடித்த பிறகு தொடங்கும் நேரத்தைப் பற்றியது.

கபடிக்கும் கயிற்றுக்கும் உள்ள தொடர்பை யாராவது கவனித்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. பையன்கள் சாதிக் கயிறு கட்டுவது மணிக்கட்டில். செயினில் கூட்டாளி பற்ற வேண்டியதும் அதே மணிக்கட்டைத்தான். மோதிரம், காப்பு, கயிறு எதையும் அணிந்து ஆடக் கூடாது, நகத்தை வெட்டியிருக்க வேண்டும் என்பது ஆட்ட விதி. எனவே நாற்பது நிமிட ஆட்டத்துக்குக் கழற்றிப் பையில் போடுகிறார்கள், ஆட்டம் முடிந்ததும் எடுத்துக் கட்டிக்கொள்கிறார்கள். கபடிப் போட்டிக்கு அனுமதி கேட்டு வரும் வழக்குகளில், வீரர்களின் உடையில் சாதி அடையாளமோ தலைவர் படமோ இருக்கக் கூடாது என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை நிபந்தனை விதித்திருக்கிறது. நல்ல நிபந்தனை. ஆனால் பனியனில் படம் இல்லாவிட்டாலும், களத்தில் நிற்கும் ஏழு பேரும் ஒரே தெருவின் பிள்ளைகள் என்றால், வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவருக்குக்கூட அது எந்தச் சாதியின் அணி என்பதில் சந்தேகம் வராது. வெற்றி அந்தத் தெருவின் வெற்றி, தோல்வி அந்தத் தெருவின் மானக்கேடு. கோடு தாண்டியதா இல்லையா என்ற நடுவரின் ஒரு விசிலுக்குப் பின்னால் இரண்டு தெருக்கள் எழுந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதில் அரசியல் கட்சிகளுக்கு உள்ள பங்கைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கத்துப் போட்டிகளின் முதல் பரிசுத் தொகையை ஒரு கட்சிக்காரரும் சுழற்கோப்பையை இன்னொரு கட்சிக்காரரும் தருவது வழக்கம். தொகுதியில் எந்தச் சாதிக்கு எத்தனை வாக்கு என்று எண்ணி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் எந்தக் கட்சிக்கும், தெருவுக்கொரு அணி என்ற ஏற்பாடு வசதியானதுதான். யாரை எங்கே பார்த்துக் கும்பிட வேண்டும் என்பது எளிதாகிவிடுகிறது. 2026 சட்டமன்றத் தேர்தலை ஒட்டிய பொங்கல் என்பதால் பரிசுத் தொகைகள் ஏறும் என்று பையன்களே மகிழ்ச்சியோடு சொன்னார்கள். இதற்கு நடுவில் அரசு செய்த ஒரு நல்ல காரியமும் உண்டு. கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் 2024 முதல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குப் பெட்டி பெட்டியாகப் பந்தும் மட்டையும் வந்தன. அந்தப் பெட்டி தெருவுக்கு வரவில்லை, ஊராட்சிக்கு வந்தது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் மாவட்ட அணி என்றுதான் தேர்வு நடக்கிறது. அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட இந்த முறையை ஊர்ப் போட்டி வரைக்கும் இறக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. ஒரு ஊராட்சிக்கு ஓர் அணி, பதிவில் ஊராட்சியின் எல்லாக் குடியிருப்புகளிலிருந்தும் ஆட்டக்காரர்கள். இந்த இரண்டும் இருந்தால்தான் காவல் துறை அனுமதி என்று ஒரு வரி சேர்த்தால் போதும். திறமை குறைந்துவிடும் என்பார்கள். 1988-இல் எங்கள் பள்ளி அணியை மாவட்ட அரையிறுதிக்குக் கொண்டு போனது அப்படிச் சேர்ந்த ஏழு பேர்தான்.

போன வாரம் வந்த பையன்கள் நோட்டைக் காட்டினார்கள். இப்போது முப்பத்திரண்டு அணிகளுக்கு இடம். காலனி அணி இல்லை. ஏன் என்றேன். "அவங்களே வர மாட்டாங்க பெரியப்பா" என்றான் ஒருவன். யாராவது போய்க் கூப்பிட்டீர்களா என்று கேட்டதற்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களிடம் வன்மம் எதையும் நான் காணவில்லை. அப்படி ஒரு வழக்கமே அவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை நானே காலனிக்குப் போனேன். என் பழைய லெஃப்ட் இன் இப்போது கொத்தனார் வேலையில் மேஸ்திரியாக இருக்கிறான். அவன் மகன்தான் அங்கே பையன்களுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கிறான்; வாசலில் சுண்ணாம்பால் போட்ட களம் பழுதில்லாமல் இருந்தது. வந்த விஷயத்தைச் சொன்னேன். 1989 பொங்கலையும், நோட்டில் நான் பார்த்ததையும் சொன்னேன். "நானுந்தான் பாத்தேன், தலைகீழா இருந்தாலும் நம்பரு தெரியாமலா போவும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அதற்கு மேல் பேச வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவனே பேசினான். "தனி டீமா வந்து ஜெயிச்சிட்டா, ராத்திரி ரெண்டு மணிக்கு எம்பிள்ளைய எந்த ரோட்டு வழியா நடந்து வரச் சொல்ல?" என்று கேட்டான். அம்மன் கோயில் திடலிலிருந்து காலனிக்கு வருவதற்கு எங்கள் தெருவைத் தவிர வேறு வழி கிடையாது. இவ்வளவு காலம் போட்டிக்கு நன்கொடை கொடுத்தவன், அந்த வழியை ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. உடன் வந்த பையன்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது அவர்களோடு பேசியதில், போட்டியைத் திடலிலிருந்து மெயின் ரோட்டில் உள்ள அரசுப் பள்ளி மைதானத்துக்கு மாற்றலாம், மின்னொளியை விட்டுவிட்டுப் பகலிலேயே நடத்தலாம், ஊர் அணி என்று ஒன்றைச் சேர்த்து எடுக்கலாம் என்ற வரைக்கும் வந்தோம். பகலில் கூட்டம் வராது, கடை வசூல் படுத்துவிடும் என்று ஒருவன் தயங்கினான். மற்றவன் ஒத்துக்கொண்டான். மறுநாள் தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். மேலதிகாரியின் அனுமதி வேண்டும், ஊர்க்காரர்கள் எல்லாத் தெருவிலிருந்தும் கையெழுத்துப் போட்டு விண்ணப்பம் கொடுத்தால் அனுப்பிவைக்கிறேன் என்றார். விண்ணப்பத்தை எழுதிவிட்டேன். காலனியிலிருந்து என் கூட்டாளியும் அவன் மகனும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் போட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் என்னைத் தவிர இன்னும் யாரும் போடவில்லை. நாளைக்குக் காலையில் முதல் வீட்டிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும்.