"பிரச்சினை இல்ல மிஸி"

அன்று ஒரு நோயாளியின் உடல்நிலைப் படிவத்தில் நான் போட்ட டிக் முறைப்படி சரி. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். நோயாளி சொல்வதைத்தான் குறிக்க வேண்டும், நாம் நினைப்பதை அல்ல. ஆனாலும் அந்தப் பேச்சு என்னை விடுவதாக இல்லை.

நோயாளி தன் உடல்நிலையைத் தானே மதிப்பிட்டுச் சொல்லும் ஈக்யூ-5டி (EQ-5D) படிவம் நம் மருத்துவத் துறையில் எல்லாருக்கும் பழக்கம். நடமாட்டம், குளிப்பது உடுத்துவது, அன்றாட வேலை, வலி, மனக்கவலை என்று ஐந்து கேள்வி. கடைசியில் இன்றைய உடல்நிலைக்கு 0 முதல் 100 வரை ஓர் எண், 100 என்றால் மிக நல்ல நிலை. மலாய்ப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் தமிழில் கேட்பேன். அன்று எதிரில் இருந்தவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா. இங்கே மலேசியாவில் நர்ஸை மிஸி என்பார்கள்.

"குளிக்கிறது, துணி மாத்துறது எல்லாம் சிரமமாக்கா?"

"பிரச்சினை இல்ல மிஸி."

டிக் போட்ட பிறகுதான் அவர் சட்டையைக் கவனித்தேன். முன்பக்கம் பொத்தான் வைத்த ஆம்பிளைச் சட்டை.

"தலைவழியா மாட்டுற சட்டை எல்லாத்தையும் விட்டுட்டேன். கை மேல போகாது. முடியும் வாரிக் கட்ட முடியல, அதான் பத்துமலையில இறக்கிட்டேன். வீட்டுல நேர்த்திக்கடன்னு சொல்லியிருக்கேன். இப்ப என்ன பிரச்சினை, ஒண்ணும் இல்லலா."

சிரித்தார். நானும் சிரித்தேன். இதைக் குறிப்பில் எழுதட்டுமா என்று கேட்டதற்கு மட்டும் முகம் மாறியது. "சாமி பேரச் சொல்லிச் செஞ்சது. டாக்டருக்கு எதுக்கு மிஸி?"

எழுதவில்லை. கடைசி எண் 80 என்றார். அதையும் அப்படியே போட்டேன்.

அவருக்கு இருப்பது சேஃபோ (SAPHO) என்ற எலும்பு, தோல் நோய். காறையெலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் அழற்சி, உள்ளங்கையில் சீழ்க்கொப்புளம். இரண்டிலும் கிருமி கிடையாது. செம்பனைத் தோட்டத்தில் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கொப்புளம் வந்தால் உரம் ஒத்துக்கொள்ளவில்லை, தோள் வலித்தால் உதிரிப்பழ மூட்டை தூக்கியது. இரண்டுக்கும் தனித்தனி வைத்தியம், நடுநடுவே ஆண்டிபயாடிக், இப்படியே வருடங்கள் போயின. சிரம்பானில் எடுத்த எலும்பு ஸ்கேனில் இரு காறையெலும்பும் கொம்பு போலவும் நெஞ்செலும்பு முகம் போலவும், இந்த நோய்க்கே உரிய காளைத்தலை வடிவம் தெரிந்த பிறகுதான் இரண்டும் ஒரே நோய் என்றார்கள். 1987இல் பிரெஞ்சு மருத்துவர்கள் பெயர் வைத்த நோய், எங்கள் ஊர் பகாவ் வந்து சேர இவ்வளவு நாள். ஆளைக் கொல்லாது. ஆறும், ஆனால் திரும்ப வரும்.

படிவமோ 'இன்று' எப்படி என்றுதான் கேட்கிறது. வலி மோசமான நாளில் அவரால் பஸ் ஏறவே முடியாது. எழுந்து வர முடிந்த நாளில்தான் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பார், அந்த நாளைத்தான் நாங்கள் அளக்கிறோம். மோசமான நாட்கள் எல்லாம் எம்.சி.யில், அதாவது மருத்துவ விடுப்பில், போய்விடும். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 22 நாள். அதையும் அவர் சிக்கனமாகத்தான் எடுப்பார். வெளிக்காட்டிலிருந்து கன்று வளர்க்கும் நர்சரிக்கு மாறியதைக்கூட 'லேசான சிரமம்' என்றுதான் சொன்னார். உட்கார்ந்த வேலையாம். சம்பளம் குறைந்ததைப் படிவம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, பிறகு வேறு பேச்சில் வந்தது.

இதில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? "நிஜமாவே பிரச்சினை இல்லையா" என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். அது பதிலை வாயில் ஊட்டுவது என்பாள் என்னோடு வேலை செய்யும் பெண். அவள் சொல்வதும் நியாயம்தான். தன் வாழ்க்கைக்கு 80 போடும் ஒருத்தரிடம் இல்லை அக்கா, 40 என்று சொல்ல நான் யார்? ஒருவேளை அது நிஜமாகவே 80 தானோ என்னவோ. பழகிப்போவதும் ஒரு வகையில் குணமாவதுதான் என்று நினைப்பேன். அப்புறம் அந்த முடி ஞாபகம் வரும், அப்படி நினைக்கவே கூச்சமாக இருக்கும். எழுதாதே என்றதை இப்போது இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதும் தெரிகிறது. அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அது போதுமா, தெரியவில்லை.

எலும்புக்கு மருந்து சொட்டு ஏற்றி, வலி மாத்திரையையும் மாற்றிய பிறகு மறுபடி அதே படிவம். வலி குறைந்திருக்கிறது என்றார். கையைத் தோளுக்கு மேல் தூக்கியும் காட்டினார். கடைசி எண்ணைக் கேட்டேன். 65 என்றார்.

சரியாகக் காதில் விழவில்லையோ என்று திரும்பக் கேட்டேன். இந்தத் தடவை கேட்கலாம் என்று தோன்றியது.

"கை மேல போகுதுல்ல மிஸி. இப்பதான் எதெல்லாம் செய்யாம இருந்தேன்னு தெரியுது."

இதைக் குறிப்பில் எழுத அவர் தடை சொல்லவில்லை. எழுதினேன். கம்ப்யூட்டரில் ஏறுவது எண் மட்டும்தான்: 80, அப்புறம் 65. அந்த இரண்டை மட்டும் பார்ப்பவர் மருந்து வேலை செய்யவில்லை என்றுதான் நினைப்பார்.