கொலம்போவிடம் மாட்டிக்கொண்ட தனியாட்கள்

7 ஜூன் 2024, வெள்ளி

கொலம்போவை மறுபடி பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். வரிசையாக இல்லை, கொலை செய்தவர்கள் மேல் நமக்கே பாவமாக இருக்கும் எபிசோடுகளை மட்டும் பொறுக்கி எடுத்து. பழைய அமெரிக்க சீரியல். 1971 முதல் 1978 வரை என்பிசியில் வந்தது, அப்புறம் 1989இல் ஏபிசியில் திரும்பத் தொடங்கி 2003 வரை அவ்வப்போது வந்தது. பீட்டர் ஃபாக் கசங்கிய மழைக்கோட்டும் கையில் சுருட்டுமாக லாஸ் ஏஞ்சல்ஸில் கொலை வழக்கு விசாரிப்பார். யார் கொன்றது என்ற மர்மம் கிடையாது, ஆரம்பத்திலேயே கொலையைக் காட்டிவிடுவார்கள். அதனால் மிச்ச நேரம் முழுக்க நாம் கொலைகாரனோடுதான் குடித்தனம் நடத்துகிறோம், அவன் பொய் சொல்லும்போது நமக்கும் வியர்க்கிறது. உருவாக்கிய லெவின்சனும் லிங்க்கும், தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் போர்ஃபிரி என்ற விசாரணை அதிகாரிதான் கொலம்போவுக்கு முன்மாதிரி என்று சொல்லியிருக்கிறார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நாம் சொல்வதுதான் போர்ஃபிரியின் வேலை முறையே.

8 ஜூன், சனி

இன்றைக்கு 1973இல் வந்த ஒயின் எபிசோட். அட்ரியன் கார்சினியாக டொனால்ட் பிளெசென்ஸ். அப்பாவின் திராட்சைத் தோட்டம் தம்பி ரிக் பேருக்குப் போய்விட்டது, அட்ரியன் அதை நடத்துகிறார், அவ்வளவுதான். லாபம் வருகிறதோ இல்லையோ, உசத்தியான ஒயின் வாங்கிச் சேர்ப்பது ஒன்றுதான் அவர் வாழ்க்கை. தம்பி ஒரு நாள் வந்து, தோட்டத்தை மலிவு ஒயின் கம்பெனிக்கு விற்கப்போகிறேன் என்கிறான். ஆத்திரத்தில் ஒரே அடி. விழுந்தவனுக்கு உயிர் இருக்கிறது. அவனை ஒயின் அறையில் கட்டிப்போட்டு, காற்றில்லாமல் சாகட்டும் என்று ஏசியை நிறுத்திவிட்டு, நியூயார்க்குக்கு ஏலத்துக்குப் போய்விடுகிறார்.

ஒயின் மேல் அவருக்கு இருந்த அந்தப் பிரியமே கடைசியில் காட்டிக்கொடுக்கிறது. அவர் ஊரில் இல்லாதபோது வெயில் கொளுத்தியிருக்கிறது, அறை சூடேறி அத்தனை பாட்டிலும் கெட்டுவிட்டது. கொலம்போ அந்த அறையிலிருந்தே ஒரு பழைய பாட்டிலை எடுத்து, ஓட்டலில் விருந்துக்குக் கூப்பிட்டு அவர் முன்னாலேயே ஊற்ற வைக்கிறார். அட்ரியன் ஒரு வாய் வைத்ததும் கொதித்துப்போய்க் கத்துகிறார், இது கடும் சூட்டில் வெந்து நாசமான சரக்கு, மனுஷன் குடிப்பானா என்று. கொலம்போவுக்கு வேண்டியிருந்தது அந்த வார்த்தைதான். பெரும்பாலானவர்களுக்கு அந்த வித்தியாசமே தெரிந்திருக்காது. இவர் நாக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியாத நாக்கு.

அப்புறம் கடல் ஓரப் பாறையில் நின்று, ஆசையாய்ச் சேர்த்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் எறிகிறார். கொலம்போ அங்கே வந்து நிற்கிறார். அட்ரியன் மறுக்கவே இல்லை.

9 ஜூன், ஞாயிறு

அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன். "கொலை பண்ணவனுக்கு எதுக்குடா இவ்வளவு இரக்கம்? செத்தவன் என்ன பாவம் பண்ணான்?" என்றாள். நியாயமான கேள்விதான். ரிக் ஒன்றும் கெட்டவன் இல்லை, கல்யாணம் செய்துகொள்ளப்போகிற சந்தோஷத்தில் இருந்த பையன். பிரேதப் பரிசோதனையில், சாவதற்கு முன்னால் இரண்டு நாளாக அவன் ஒன்றுமே சாப்பிடவில்லை என்று தெரியவருகிறது. அப்படியென்றால் இருட்டில், கட்டுண்டு, எவ்வளவு நேரம் கிடந்திருப்பான்? அதை ஒரு காட்சியில்கூட நமக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அட்ரியன் மேல் எனக்கு இந்த இரக்கம் வந்திருக்காது என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனாலும் அவருடைய தனிமை என்னை விடவில்லை. காரியதரிசி கேரன் பல வருஷம் கூடவே இருந்தவள், உண்மையைக் கண்டுபிடித்து அவருக்காகப் போலீசிடம் பொய்யும் சொல்கிறாள், ஆனால் அதற்கு விலையாகக் கல்யாணம் கேட்கிறாள். அவளோடு வாழ்வதைவிட ஜெயில் மேல் என்று முடிவெடுக்கிறார். கேரனும் தனியாள்தான். இரண்டு தனியாட்கள் ஒரே இடத்தில் வருஷக்கணக்காக இருந்தும் ஒருவரையொருவர் தொடாமலே போனதை, கேரனாக நடித்த ஜூலி ஹாரிஸ் முகத்தில் பார்க்கலாம். சிறைக்குப் போகும் வழியில் காரை நிறுத்தி கொலம்போ அவருக்கு நல்ல ஒயின் ஊற்றிக் கொடுக்கிறார். எந்த ஒயினைத் தேர்ந்தெடுப்பது என்று கற்றுக்கொண்டு வந்திருக்கிறார் பாருங்கள், அதுதான் மரியாதை.

12 ஜூன், புதன்

1974 எபிசோட், அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் நடித்தது. டாமி பிரவுன் என்ற பாடகனாக வருகிறார். மனைவி எட்னா அவன் பாடிச் சம்பாதிக்கிற பணத்தையெல்லாம் தேவாலயம் கட்ட எடுத்துக்கொள்கிறாள், வாயைத் திறந்தால் அவனுடைய பழைய குற்றத்தை வெளியே சொல்வேன் என்கிறாள். அந்தக் குற்றம், குழுவில் பாடும் மேரியான் என்ற பெண் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளோடு தப்பாக நடந்துகொண்டது. சின்ன விமானத்தில் இருவரையும் ஏற்றி, பிளாஸ்க் காபியில் தூக்க மருந்து கலந்து கொடுத்துவிட்டு, தானே தைத்த பாராசூட்டோடு இரவில் குதித்துவிடுகிறான். கால் உடைகிறது. விபத்தில் தப்பியவன் என்று ஊரே அனுதாபப்படுகிறது.

பாராசூட்டை ஒளித்த மலையில் பெரிய தேடுதல் நடக்கப்போகிறது என்று கொலம்போ காதில் போட்டுவைக்கிறார். அதை எடுக்க ராத்திரியில் வந்தவன் மாட்டிக்கொள்கிறான். பிடிபட்டதும் அவன் முகத்தில் வருவது பயமில்லை, அப்பாடா என்கிற ஒரு தளர்ச்சி. உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது, முடிந்ததில் நிம்மதி என்கிறான். எப்படியும் ஒரு நாள் நீங்களே வந்து சொல்லியிருப்பீர்கள் என்கிறார் கொலம்போ. காரில் டாமியின் பாட்டு ஓடுகிறது, இப்படிப் பாடுகிறவன் முழுக்கக் கெட்டவனாக இருக்க முடியாது என்றும் சொல்கிறார்.

கேஷின் குரலும் அந்தக் களைத்த கண்களும் இருக்கும்போது நம்பாமல் இருக்க முடியவில்லை. ஆனால் இங்கே நான் அக்கா பக்கம். எட்னாவைக் கண்டால் நமக்கே எரிச்சல் வரும்படி எழுதிவிட்டார்கள், சரி. மேரியான் என்ன செய்தாள்? சின்ன வயதில் அவனால் கெட்டாள், அப்புறம் அவனாலேயே செத்தாள். அவளுக்குக் கதையில் கொடுத்த இடம் ரொம்பக் கொஞ்சம். அவன் வருத்தம் உண்மைதான், அந்த வருத்தத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன்.

15 ஜூன், சனி

1977 எபிசோடில் ஒரு காட்சிக்காகவே அதைப் போட்டேன். பெண்கள் கூட்டம் ஒன்றில் கொலம்போவைத் திடீரென்று பேசச் சொல்லிவிடுகிறார்கள். கொலை வழக்கே பார்த்துப் பார்த்து மனசு கெட்டுப்போகவில்லை, சந்தித்த கொலைகாரர்களில் சிலரைப் பிடித்தும் இருக்கிறது, அவர்கள் செய்ததற்காக இல்லை, அவர்களிடம் இருந்த அறிவுக்காகவோ நல்ல குணத்துக்காகவோ என்கிறார். அட்ரியனுக்கு ஒயின் ஊற்றிக்கொடுத்த கை இதைத்தான் சொன்னது. ஆனால் பிடித்துப்போயிற்று என்பதற்காக வழக்கை விட்டுவிடுவதில்லை, அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவியையும் கடைசியில் பிடித்துவிடுகிறார்.

16 ஜூன், ஞாயிறு

அவர் விட்டுவிடுகிற எபிசோட் ஒன்று இருக்கிறது, 1975இல் வந்தது. ஜேனட் லீ, பழைய சினிமா நாயகி கிரேஸ். மறுபடி மேடையேறப் பணம் தர மறுத்த கணவர் ஹென்றியைக் கொல்கிறாள். ஆனால் அவள் மூளையில் குணப்படுத்த முடியாத நோய், ஓரிரு மாதம்தான் உயிர், நினைவும் கரைந்துகொண்டிருக்கிறது. தான் கொன்றதே அவளுக்கு ஞாபகமில்லை. தன் பழைய படத்தைப் போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கூட நடித்த நெட், அவளைக் காப்பாற்ற நான்தான் கொன்றேன் என்கிறான். அந்த வாக்குமூலம் நிற்காது என்று கொலம்போவுக்குத் தெரியும், அது உடைய இரண்டு மாதமாவது ஆகும் என்றும் இருவருக்கும் தெரியும்.

டாமிக்காவது வருந்த முடிந்தது. கிரேஸிடம் போய் உன் மேல் குற்றம் என்றால், அது இன்னொருத்தி செய்ததாகத்தான் அவளுக்குப் படும். என்னை அதிகம் வாட்டியது ஹென்றிதான். அவள் நோய் அவருக்குத் தெரியும், மேடையேறினால் தாங்கமாட்டாள் என்றுதான் மறுத்தார், பயப்படுவாளே என்று காரணத்தையும் சொல்லாமல் மறைத்தார். அவர் கஞ்சத்தனம் செய்கிறார் என்று நினைத்தே அவள் கொன்றாள். இதை அக்காவுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன், முதலில் எபிசோடைப் பார், அப்புறம் கொலம்போ செய்தது சரியா என்று சொல் என்று. என்னைக் கேட்டால் சரி என்பேன்.